ஓனர் மாறினால் உங்க ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு என்ன ஆகும்?

சேலம்-ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தால், வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவார்கள். சுத்துதான், ஆனா ஊர் துண்டிக்கப்படாது. அப்படியொரு மாற்றுப் பாதையை யோசிக்காமல் மாட்டிக்கொண்டவர்கள் விஎம்வேர் வாடிக்கையாளர்களில் பலர்.

ஒரே சர்வரைப் பல கம்ப்யூட்டர்களாகப் பிரித்துத் தருவது விஎம்வேரின் வேலை. மேஜையில் இருக்கும் 'தின் கிளையன்ட்' வெறும் சின்னப் பெட்டிதான். திரையில் தெரிவதெல்லாம் சர்வரில் ஓடுகிறது.

2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரைச் சுமார் 69 பில்லியன் டாலருக்கு வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை காசு கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் விற்பனை நின்றது, இனி சந்தாதான். தின் கிளையன்ட்டுக்கு டெஸ்க்டாப் அனுப்பும் 'ஹொரைஸன்' பிரிவு கேகேஆர் கைக்குப் போய், 2024 ஜூலையில் ஆம்னிசா என்ற தனி நிறுவனமானது. இப்போ சர்வருக்கு ஒரு ஓனர், டெஸ்க்டாப்புக்கு இன்னொரு ஓனர்.

விலையை மாற்றுவது விற்பவர் உரிமை. வெளியேறும் வழி பார்க்காமல் வாங்குவது நம்ம தப்பு. ஒரே புரோட்டோகாலுக்குப் பூட்டப்பட்ட 'ஜீரோ கிளையன்ட்' என்றால், சாஃப்ட்வேரை மாற்றும்போது நல்லா ஓடுகிற பெட்டியையும் சேர்த்துத் தூக்கிப்போட வேண்டிவரலாம்.

கேவிஎம், பிராக்ஸ்மாக்ஸ் என ஓப்பன் சோர்ஸ் வழிகள் இருக்கு. அதுவும் சும்மா கிடைக்காது. தெரிந்த ஆள் வேணும், பழக நேரம் வேணும். ஆனாலும் டெண்டர் போடும் கல்லூரியும் அலுவலகமும் விலைக்கு முன்னால் கேட்க வேண்டியது: 'இதிலிருந்து வெளியே வர வழி எது?'

மண் சரிந்த பிறகு பாதை போட முடியாது.