ரசம் இலவசம்

போன மாதம் கூட வேலை செய்யும் நண்பனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கோலாலம்பூரில் உள்ள ஒரு மேல்தட்டு இத்தாலிய உணவகத்துக்கு ஆறு பேர் போனோம். ஆசியச் சுவை கலந்த இத்தாலியச் சமையல்தான் அந்தக் கடையின் பெருமை. என் முன்னால் ஒரு வெள்ளை மங்கு வந்தது. நடுவில் ஏழே ஏழு தோர்தெல்லினி. பரிமாறியவர் சின்ன ஜாடியிலிருந்து பழுப்பு நிறச் சாறு ஒன்றை மெதுவாக ஊற்றினார். மெனுவில் அதன் பெயர் ‘ஏஷியன் தாமரிண்ட் ப்ரோத்’. ஒரு வாய் குடித்தேன். புளி, மிளகு, சீரகம், பூண்டு, கடைசியில் தாளித்த கறிவேப்பிலை.

ரசம்! விலை 88 ரிங்கிட். 10 சதவீத சேவைக் கட்டணத்தையும் 6 சதவீத வரியையும் சேர்த்தால் நூறைத் தாண்டும்.

“டேய், நம்ம ரசம்டா” என்று ஒருவன் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டான். வீடு போய்ச் சேர்வதற்குள் அங்கே இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. ‘நம் உணவு உலகத் தரத்துக்கு உயர்ந்துவிட்டது’ என்று ஒரு கட்சி. ‘நம் உணவைத் திருடிவிட்டார்கள்’ என்று இன்னொரு கட்சி. இரண்டுமே பொய் என்பது என் கருத்து.

முதலில் திருட்டுக் கட்சி. தெளிந்த இறைச்சிச் சாற்றில் தோர்தெல்லினியைப் போட்டுச் சாப்பிடுவது பொலோன்யா பக்கம் கிறிஸ்துமஸ் வீட்டுச் சாப்பாடு. அந்தச் சாறு இருந்த இடத்தில் ரசத்தை வைக்கத் தோன்றிய சமையல்காரர் இரண்டையும் ருசித்து யோசித்தவர். நன்றாகவும் இருந்தது, ஒத்துக்கறேன். திருட்டுக் கணக்கு பார்க்க ஆரம்பித்தால் எங்கே போய் முடியும்? தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. இத்தாலிக்காரன் தக்காளியைத் திருப்பிக் கொடுத்தால் நாம் சம்பலில் இருக்கிற மிளகாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ரோம் நகரத்தின் அடையாளமான ‘காச்சியோ எ பெப்பே’யில் சீஸும் மிளகும்தான் சுவையே. அந்த மிளகு முதலில் எங்கிருந்து போனது? யவனர் கப்பல்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு 149ஆம் பாடல் சொல்கிறது. சொந்த ஊரில் காடாக முளைக்கிற மிளகைப் பொன் வெள்ளி போல எடை போட்டு வாங்குகிறார்களே என்று முதல் நூற்றாண்டிலேயே ரோமில் பிளினி புலம்பியிருக்கிறார். ஆசியச் சுவை கலந்த இத்தாலியச் சமையல் இரண்டாயிரம் ஆண்டுப் பழசு.

அடுத்து பெருமைக் கட்சி. உயர்ந்தது எது, சொல்லுங்கள்? மெனுவில் தோர்தெல்லினி, தோர்தெல்லினியாகவே இருக்கிறது. பக்கத்து வரியில் லக்சா, லக்சாவாகவே இருக்கிறது. ரசம் மட்டும் ஏதோ ஓர் ஆசியப் புளிச்சாறு ஆகிவிட்டது. காலனிக்காலத்து வெள்ளைக்காரன்கூட மிளகுத்தண்ணியை ‘முல்லிகதானி’ என்று வாய் கோணலாகவாவது சொன்னான். லக்சாவுக்கு வேறு பெயர் வைத்தால் இந்த ஊரில் கேட்க ஆள் இருக்கிறது. ரசத்துக்குக் கேட்க யாரும் இல்லை. ஏனென்றால் ரசத்தை நாமே ஒரு பதார்த்தமாக மதித்ததில்லை. வாழையிலைக் கடையில் அது இலவசம். கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். கேட்டு வர இரண்டு நிமிஷம் தாமதமானால் முகம் சுளிப்போம்.

இது எனக்குக் கேள்விப்பட்ட கதை இல்லை. என் அம்மா வாழையிலைக் கடை ஒன்றில் ஒன்பது வருஷம் சமையல் செய்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்பு முன்னால் நிற்க வேண்டும். அந்தச் சம்பளத்தில்தான் நான் இங்கே உள்ள பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்தேன். ஒருமுறை கடைக்காரர் சாப்பாட்டுக்கு ஒரு ரிங்கிட் ஏற்றினார். “வெறும் சோறும் ரசமும்தானேக்கா, இதுக்கு இவ்வளவா?” என்று கல்லாவில் சண்டை போட்டவர் லாரி ஓட்டுநர் இல்லை. டை கட்டிய நம்ம ஆள். அம்மா அதை வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த வருஷம் அவருக்குச் சம்பள உயர்வு இல்லை.

‘வாடகை, வெளிநாட்டுப் பயிற்சி, பீங்கான் தட்டு, அதற்கெல்லாம் சேர்த்துத்தான் 88 ரிங்கிட்’ என்பீர்கள். சரி. ஆனால் ரசம் வைக்கக் கற்றுக்கொள்வதும் பயிற்சிதான். நுரை கட்டும் நேரத்தில் இறக்காவிட்டால் ரசம் கெட்டுப்போகும். அந்தக் கைப்பக்குவத்துக்கு நாம் போட்ட விலை பூஜ்ஜியம். தினக்கூலிக்காரர் சாப்பிடும் கடையில் விலை ஏற்றச் சொல்கிறாயா என்றும் கேட்கலாம். அவர்களைப் பற்றி நான் பேசவில்லை. நூறு ரிங்கிட்டை மூச்சுவிடாமல் கார்டில் தட்டிவிட்டு, மறுநாள் வாழையிலைக் கடையில் ஒரு ரிங்கிட்டுக்குக் கணக்குப் பார்க்கும் நம்மைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இத்தாலிக்காரர்கள் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள். ஏழைகள் சாப்பிட்ட பீன்ஸ் சூப்பையும் சோளக் களியையும் அவர்கள் வெட்கப்பட்டு ஒளித்து வைக்கவில்லை. தோர்தெல்லினிக்குள் வைக்கும் பூரணத்தின் செய்முறையை 1974இல் பொலோன்யா வர்த்தகச் சபையில் பதிவே செய்து வைத்தார்கள். பாட்டிமார் கைவேலையை முதலில் அவர்கள் மதித்தார்கள். அதனால்தான் உலகமும் அந்தப் பெயரைத் தொட யோசிக்கிறது. நாம் இலவசமாகக் கொடுத்ததற்கு இன்னொருவன் விலை போட்டதும் ஒரு கட்சி கைதட்டுகிறது, ஒரு கட்சி கத்துகிறது. இரண்டு கட்சியிலும் யாரும் அம்மா மாதிரி ஆட்களுக்கு ஒரு காசு கூடக் கொடுக்கத் தயாரில்லை.

சமையலுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று நம் உணவகக்காரர்கள் பல வருஷமாகப் புலம்புகிறார்கள். எப்படிக் கிடைக்கும்? எந்தப் பிள்ளை இந்த வேலைக்கு வரும்? என்னை வரவிடக் கூடாது என்றுதானே அம்மா படிக்க வைத்தார்.

அன்று இரவு பில்லில் என் பங்கைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். “என்னப்பா சாப்பிட்ட?” என்று அம்மா கேட்டார். விலையைச் சொல்ல வாய் வரவில்லை. “ரசம்மா” என்றேன்.

“அதுக்கா அவ்ளோ தூரம் போன?” என்றார்.