பிழைச்சாச்சு... பிழைப்பு?

எங்கள் ராயபுரம் பக்கத்தில் ஒரு ஆளை எடைபோட இரண்டே கேள்விதான். 'எவ்ளோ தூக்குவே?', 'தம் இருக்கா?' படிப்பு, சம்பளம், ஜாதகம் எல்லாம் அப்புறம்! அப்படிப்பட்ட ஏரியாவில் குடியிருப்பவனிடம், 'இனிமே தம் கட்டாதீங்க' என்று டாக்டர் சொன்னால் எப்படி ஸார் இருக்கும்?

எனக்கு மண்டைக்குள் ஒரு கட்டி. மெனிஞ்ஜியோமா என்று பெயர். மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் முளைப்பது. பெரும்பாலும் புற்றுநோய் கிடையாது. ஆனால், வாடகை தராத குடித்தனக்காரர் மாதிரி மெள்ள மெள்ள இடத்தை வளைத்துக்கொள்ளும். மண்டை ஓட்டைத் திறந்து காலி பண்ணினார்கள். எடுத்த எலும்பைத் திரும்ப வைத்து, டைட்டானியத் தகடு போட்டு முடுக்கிவிட்டார்கள். ('உன் மண்டையில ஒண்ணுமில்லைன்னு இப்ப ஸ்கேனே சொல்லுதே!' இது ஆபீஸ் ஜோக். நானும் சிரித்துவைத்தேன்.)

ஆபரேஷனுக்கு முன்னால் ஜிம்மில் 100 கிலோவைத் தோளில் வைத்து பஸ்கி எடுத்தவன் நான். டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரே வரி: 'கனமான எதையும் தூக்கக்கூடாது.'

காரணம் இருக்கிறது. மண்டை ஓடு ஒரு மூடின பெட்டி. மூளை, ரத்தம், தண்ணீர் போன்ற ஒரு திரவம் - மூன்றுக்கும் அளவெடுத்த மாதிரிதான் இடம். மூச்சை அடக்கி, முக்கித் தூக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் எகிறும். தலையிலிருந்து இறங்கவேண்டிய ரத்தம் தடைபடும். பெட்டிக்குள்ளும் அழுத்தம் ஏறும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், பாடி பில்டர்களின் ரத்தக் குழாய்க்குள்ளேயே அளந்து 1985-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். காலால் பெரிய எடையைத் தள்ளும்போது சராசரி பி.பி. 320/250! சும்மா உட்கார்ந்திருக்கிற நமக்கு 120/80. நல்ல உடம்பு அந்தச் சில விநாடிகளைத் தாங்கிக்கொள்ளும். புதுத் தையல் தாங்கவேண்டாமா? சவ்வில் போட்ட தையல் விட்டால், திரவம் கசியும்.

போதாக்குறைக்கு, மூளை வீக்கம் வடியக் கொடுக்கிற ஸ்டீராய்டு தொடைச் சதையின் பலத்தைக் குறைத்துவிடும். வலிப்பு வேறு வரலாம். தலைக்கு மேலே எடை இருக்கிற நேரம் பார்த்து வலிப்பு வந்தால்... வேண்டாம், விடுங்கள்.

ஆகவே அடங்கினேன். 15 லிட்டர் தண்ணீர்க் குடத்தை என் மனைவி தூக்கிவர, பின்னால் காலி பக்கெட்டோடு நான் ஊர்வலம் போவதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. மானம் போனாலும், மாதச் சம்பளம் போகவில்லை. பேனா தூக்க எந்த டாக்டரும் தடை போடவில்லையே!

அப்புறம்தான் ஓ.பி. க்யூவில் அவரைப் பார்த்தேன். தலையில் எனக்கு இருப்பது மாதிரியே லாடத் தழும்பு. திருவொற்றியூர் பக்கம் குடோனில் லோடுமேன். அதே கட்டி, சீட்டில் அதே வரி.

"எப்ப சார் தூக்கலாம்?" என்றார்.

"அவசரப்படாதீங்கண்ணே. நானே நாலு மாசமா ஜிம் பக்கம் போகலை" என்று ஆறுதல் சொன்னேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ ஷோக்குக்குத் தூக்கறே சார். நான் சோத்துக்குத் தூக்கறேன்."

வாயடைத்துப்போனேன். சென்னைத் துறைமுகத்தில் 1983-லேயே கன்டெய்னர் முனையம் வந்துவிட்டது. பெட்டியை கிரேன் தூக்குகிறது, சரி. பெட்டியைத் திறந்தபின் மூட்டையைத் தூக்க இன்னமும் ஒரு தோள் வேண்டியிருக்கிறதே! ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ. ஆரோக்கியமான ஆண் தொழிலாளியே 55 கிலோவுக்கு மேல் சுமக்கக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ல் பரிந்துரைத்தது. அதாவது, உலகம் போட்ட உச்சவரம்பை ஒட்டித்தான் அவருடைய முதல் மூட்டையே!

அவரோடு நானும் உள்ளே நுழைந்து, "கனம்னா எத்தனை கிலோ டாக்டர்?" என்று கேட்டேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, சீட்டை வாங்கி எழுதினார். இப்போதைக்கு 5 கிலோ. அடுத்த ஸ்கேன் வரை அவ்வளவுதான். ஏணி, உயரம் கூடாது. மூட்டை பற்றி ஸ்கேனுக்குப் பிறகு முடிவு.

அந்தச் சீட்டைப் பார்த்த மேஸ்திரி, மூட்டை எண்ணுகிற வேலை போட்டுக் கொடுத்தார். கூலி பாதிதான். ஆனாலும், பெயர் அடிபடவில்லை. வெறும் 'கனம்' என்றிருந்தால், 'நீ வேலைக்கு ஆகமாட்டேப்பா' என்று அனுப்பியிருப்பார்கள்.

சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.ராமமூர்த்தி 1950-ல் மூளை அறுவை சிகிச்சையைத் தொடங்கிய காலத்தில், 'ஆள் பிழைப்பாரா?' என்பதுதான் வீட்டாரின் கவலை. இன்று இந்த மாதிரிக் கட்டி வந்தவர்களில் நிறையப் பேர் பிழைத்துவிடுகிறோம். பிழைப்புக்கு என்ன வழி என்பதைத்தான் சீட்டில் எழுத இடமில்லை.

நான் இப்போது டாக்டர் அனுமதியோடு வெறும் 20 கிலோ கம்பியைத் தூக்குகிறேன், 'உஸ்... உஸ்...' என்று மூச்சை விட்டுக்கொண்டே. பையன்கள் 'பிரஷர் குக்கர் அண்ணன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இருக்கட்டும். நாளைக்கு உங்கள் ஆபீஸ் வாசலில் ஒரு லோடுமேன் இப்படியொரு சீட்டை நீட்டினால், கிலோ எவ்வளவு என்று பாருங்கள். அந்தக் கிலோவுக்குள் ஒரு வேலை உங்கள் குடோனில் கட்டாயம் இருக்கும். தேடிக் கொடுங்கள் ஸார்!