கடைசி ஸ்தானத்தின் கௌரவம்

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 26-ஆம் தேதியன்று அமெரிக்க பேஸ்பால் மைதானங்கள் அந்த வருஷத்து ஆட்டங்களுக்காகத் திறந்திருக்க வேண்டும். தொற்றுநோயின் காரணமாக ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஆனாலும் எந்த அணி எந்த அணியை வென்றது, யார் எத்தனை ஹோம் ரன் அடித்தார், பட்டியலில் எவர் எந்த ஸ்தானத்தில் இருக்கிறார் என்ற விவரங்களையெல்லாம் பேஸ்பால்-ரெஃபரன்ஸ் என்னும் புள்ளிவிவரத் தளம் நாள் தவறாமல் வெளியிட்டுக்கொண்டு வந்தது. 'அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்' என்ற கம்ப்யூட்டர் புரோகிராம் அந்த ஆட்டங்களைத் தனக்குள்ளேயே ஆடிப் பார்த்து முடிவு சொல்லிற்று. நடக்காத ஆட்டத்தின் ஸ்கோரை ஆவலோடு படிக்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்களா என்று அன்று ஆச்சரியப்பட்டவர்கள் உண்டு. இருக்கிறார்கள் என்பது மட்டுமல்ல. அப்படிப்பட்ட ஆட்டங்களில் ஆளுக்கு ஓர் அணியை ஏற்றுக்கொண்டு, வருஷக்கணக்கில் அதை நிர்வகித்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நிர்வாகத்தைப் பற்றியும், அதில் தோற்பவருடைய நிலைமையைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

இந்தப் பழக்கம் கம்ப்யூட்டரோடு பிறந்ததன்று. ஹால் ரிச்மன் என்பவர் சிறுவயதிலேயே தம் மனத்தில் உருவாக்கி, 1961-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்னும் பகடை ஆட்டத்தில், ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அவருடைய மெய்யான சாதனைக் கணக்கிலிருந்து தயாரித்த ஓர் அட்டை உண்டு. உருட்டுகிற மூன்று பகடைகளில் ஒன்று, முடிவை மட்டையாளரின் அட்டையில் பார்ப்பதா, பந்து வீச்சாளரின் அட்டையில் பார்ப்பதா என்பதைப் பாதிக்குப் பாதி என்ற கணக்கில் தீர்மானிக்கும். மற்ற இரண்டும் அந்த அட்டையில் எந்த வரி என்பதைச் சொல்லும். நம் பள்ளிக்கூடங்களில் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தைப் பிரித்துப் பக்க எண்ணின் கடைசி இலக்கத்தை ரன்னாக எண்ணி ஆடுகிற புக் கிரிக்கெட்டில் டெண்டுல்கரும் பதினோராவது ஆட்டக்காரரும் ஒன்றே. ரிச்மனின் அட்டையிலோ அதிர்ஷ்டமும் திறமையும் தத்தம் பங்கைச் சரியாகப் பெற்றுக்கொள்கின்றன. அந்த நுட்பத்தையே பல்லாயிரம் மடங்கு விரிவாக்கிக் கம்ப்யூட்டரில் அமைத்தவர்களுள் முக்கியமானவர், பேஸ்பாலை அதிகமாக அறியாத ஜெர்மனி தேசத்தைச் சேர்ந்த மார்க்கஸ் ஹைன்சோன் என்பது ஒரு வேடிக்கை. மேலே சொன்ன புரோகிராமின் முதல் பதிப்பை அவர் 1999-இல் வெளியிட்டார்.

அதற்கு முன்னெல்லாம் பலருக்கு இது தனிமையின் விளையாட்டாகவே இருந்தது. எழுத்தாளர் ஜாக் கெரோவாக், மாசச்சூசெட்ஸ் மாகாணத்து லோவல் நகரில் பிள்ளைப் பிராயத்திலேயே ஒரு கற்பனை லீக்கை உண்டாக்கி, அணிகளுக்கு மோட்டார் கார்களின் பெயரைச் சூட்டி, தாமே ஆட்டக்காரரும் தாமே பத்திரிகை நிருபருமாக இருந்து, பெரியவரான பிறகும் அதைக் கைவிடாமல் வைத்துக்கொண்டிருந்தார். ராபர்ட் கூவர் 1968-இல் எழுதிய நாவலின் கதாநாயகரான ஹென்றி வா என்ற கணக்கர், மூன்று பகடைகளைக் கொண்டு தாம் நடத்திய லீக்கில் தம் மனத்துக்கு மிகவும் பிடித்த இளம் வீச்சாளன் பந்து தாக்கி இறந்துபோவதாகப் பகடை விழுந்ததும், அந்தத் துக்கத்திலிருந்து மீள முடியாமல் தம் உலகத்துக்கும் மெய்யான உலகத்துக்கும் இடையே உள்ள எல்லையையே இழந்துவிடுகிறார். கெரோவாக்குக்கும் சரி, அந்தக் கணக்கருக்கும் சரி, எல்லா அணிகளும் அவர்களுடையவை. ஆகவே யார் தோற்றாலும் அவர்கள் வேறொருவருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. இணையம் வந்து முப்பது அணிகளை முப்பது மனிதர்களிடம் ஒப்படைத்தபோதுதான், இந்தப் பொழுதுபோக்கினுள் கடமை என்ற ஒன்று புகுந்தது.

நிர்வாகம் நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். லீக்குக்குத் தலைவராகக் கமிஷனர் ஒருவர் இருப்பார். அவருடைய கம்ப்யூட்டரில்தான் லீக்கின் மூல ஃபைல் இருக்கும். வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒவ்வொரு மேனேஜரும் தம் உத்தரவுகளை அனுப்பிவிட வேண்டும். அதன்பின் கமிஷனர் ஒரு பொத்தானை அழுத்தினால், ஒரு வாரத்து ஆட்டங்கள் சில நிமிஷங்களில் நடந்து முடிந்துவிடும். உத்தரவு என்பது ஏதோ ஒரு வரிச் சமாசாரமன்று. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் வீச்சாளர்கள் ஐந்து பேர் என்ன வரிசையில் இறங்குவது, ஓர் ஆட்டம் வீசியவருக்கு எத்தனை நாள் ஓய்வு தருவது, எதிரணியில் இடக்கை வீச்சாளர் வந்தால் மட்டையாளரின் வரிசையை எப்படி மாற்றுவது, முன்னணியில் இருக்கும்போது கடைசி இன்னிங்ஸை எவரிடம் ஒப்படைப்பது, கீழ்நிலை லீக்கில் வளர்ந்து வரும் பையனை இப்போதே மேலே அழைப்பதா, இன்னும் ஓராண்டு பொறுப்பதா என்பன போன்ற எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு மேனேஜர் விலகிக்கொள்ள வேண்டும். கிரிக்கெட் காப்டன் ஒருவர் நிலைமை கெட்டால் பீல்டரை நகர்த்தலாம், வீச்சாளரை மாற்றலாம். இங்கே ஆட்டம் நடக்கும் சமயத்தில் மேனேஜர் அலுவலகத்தில் இருப்பார், அல்லது தூங்கிக்கொண்டிருப்பார். முடிவு என்னவென்பது மறுநாள் காலையில்தான் தெரியவரும்.

அப்படித் தெரியவரும் செய்திகளில் மேனேஜர்கள் அதிகமாக அஞ்சுவது, முழங்கை என்ற சொல் வருகிற செய்திதான். 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற வீச்சாளரின் முழங்கைத் தசைநாருக்கு மாற்றாக வேறோர் இடத்துத் தசைநாரை வைத்துச் செய்த சிகிச்சை, இன்று அந்த வீச்சாளரின் பெயராலேயே வழங்குகிறது. கற்பனை வீச்சாளர்களும் அதற்குத் தப்புவதில்லை. இருபத்திரண்டு வயதுப் பையன். திறமையை 20 முதல் 80 வரை அளந்து சொல்லும் தேர்வாளர் குறிப்பில் 70 என்ற மதிப்புப் பெற்றவன். அவனை நம்பி மூத்த வீச்சாளர் ஒருவரை வேறு அணிக்குக் கொடுத்தாயிற்று. ஒரு வியாழக்கிழமை காலையில் ஃபைலைத் திறந்தால், தசைநார் கிழிந்தது, பதின்மூன்று மாதம் ஆடமாட்டான் என்று ஒரே வரி. திரும்பி வந்த பிறகு 70 என்பது 55 ஆகிவிட்டிருக்கவும் கூடும். அந்த மேனேஜர் செய்த தப்பு என்ன? ஒன்றுமில்லை. அவருடைய தீர்மானம் நல்ல தீர்மானம். விளைவு கெட்ட விளைவு. இந்த இரண்டையும் தனித்தனியாக நிறுத்துப் பார்க்கும் பழக்கத்தைப் பெரிய உத்தியோகங்களில் இருப்பவர்களிடம்கூட நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன். இந்த லீக்குகளில் சாதாரண மனிதர்கள் வாரந்தோறும் அதை அப்பியாசம் செய்கிறார்கள்.

அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்பதற்குக் கணக்கு உண்டு. அமெரிக்காவின் மெய்யான பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்கின் பருவத்தில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். எதிராளிகளுக்குச் சற்றும் கூடாமலும் குறையாமலும் பலம் பெற்ற ஓர் அணி 81 ஆட்டங்களில் வெல்ல வேண்டும். ஆனால் நாணயத்தைச் சுண்டுவதற்குரிய கணித விதிப்படி, மூன்று பருவங்களில் ஏறக்குறைய இரண்டில் அதன் வெற்றி 75-க்கும் 87-க்கும் இடையில் எங்கேயாவது நிற்கும். மீதியில் அந்த எல்லையையும் தாண்டிவிடும். 87 வெற்றி பெற்றவரை மேதாவி என்றும், 75 பெற்றவரை அசடர் என்றும் நாம் சொல்லிக்கொண்டிருப்போம். இருவரிடமும் இருந்தது ஒரே பலமுள்ள அணி. 2001-இல் சியாட்டில் மாரினர்ஸ் அணி 116 ஆட்டங்களில் வென்றும், இறுதிப் போட்டியான உலகத் தொடரை எட்டவே இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முப்பது அணிகளில் ஒன்றுதான் பட்டம் பெறும். வாரத்துக்கு மூன்று முறை பொத்தான் அழுத்தப்படும் லீக்கில், பருவத்து ஆட்டங்கள், குளிர்கால ஒப்பந்தங்கள், புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு பருவத்துக்கு மூன்று மாத காலம் பிடிக்கலாம். ஆகவே வருஷத்துக்கு நாலு பருவம். எல்லா மேனேஜர்களும் சம சாமர்த்தியம் உள்ளவர்கள் என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடியது ஏழெட்டு வருஷத்துக்கு ஒரு பட்டம். மற்றக் காலமெல்லாம் தோல்விதான். லீக் உயிரோடு இருப்பது, முதல் ஸ்தானத்தில் இருப்பவருடைய உற்சாகத்தால் அன்று. அவருக்கு உற்சாகம் தானாகவே உண்டாகிவிடும். ஆகஸ்ட் மாதத்தில் இருபத்தைந்து ஆட்டம் பின்தங்கி, இனி ஒன்றுக்கும் வழியில்லை என்று தெரிந்த பிறகும், வியாழன் இரவு நேரம் தவறாமல் தம் மட்டையாளர் வரிசையைத் திருத்தி அனுப்புகிற கடைசி ஸ்தானத்துக்காரரால்தான் அது உயிரோடு இருக்கிறது. அவரை யாரும் புகழ்வதில்லை என்பதுதான் என் குறை.

புகழாதது போகட்டும், வேண்டுமென்றே தோற்பதைப் பெரிய ராஜதந்திரமாகப் போற்றும் பழக்கம் வேறு பரவிவிட்டது. இதற்கு மெய்யான பேஸ்பாலே ஆசான். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி 2011, 2012, 2013 ஆகிய மூன்று வருஷங்களிலும் முறையே 106, 107, 111 ஆட்டங்களில் தோற்றது. அதிகமாகத் தோற்ற அணிக்கே டிராஃப்டில் முதல் உரிமை என்ற அன்றைய விதியின் பலனாக இளம் வீரர்களைச் சேர்த்துக்கொண்டு 2017-இல் உலகத் தொடரை வென்றது. பால்டிமோர் ஓரியோல்ஸ் 2018-இல் 115 தோல்வி, 2021-இல் 110 தோல்வி என்று கிடந்து, 2023-இல் 101 வெற்றி பெற்றது. இவற்றைப் படித்த கற்பனை லீக் மேனேஜர்கள், அணியைப் பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே உள்ள வீரர்களையெல்லாம் விற்றுவிட்டு, நாலு பருவம் கழித்து வருகிறேன் என்கிற பாவனையில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

மெய்யான லீக்கில் இதனால் நஷ்டப்படுகிறவர்கள் ரசிகர்கள். அவர்கள் டிக்கெட் வாங்காமல் இருந்துவிட்டுத் தங்கள் அதிருப்தியைத் தெரிவிக்கலாம். கற்பனை லீக்கில் டிக்கெட் வாங்குகிற ரசிகர் யார் இருக்கிறார்? நஷ்டம் முழுவதும் சக மேனேஜர்கள் தலையில் விழுகிறது. இன்றைய மேஜர் லீக் அட்டவணைப்படி, ஐந்து அணிகள் கொண்ட ஒரே பிரிவில் இருக்கும் இரண்டு அணிகள் பருவத்துக்கு 13 முறை மோதுகின்றன. ஒரு பிரிவில் வேண்டுமென்றே தோற்கும் அணி ஒன்று இருந்தால், அந்தப் பிரிவைச் சேர்ந்த மற்ற நால்வருக்கும் பதின்மூன்று சுலப ஆட்டங்கள் சும்மா கிடைக்கின்றன. பட்டச் சுற்றின் சில இடங்களுக்கு எல்லாப் பிரிவினரும் போட்டியிடுவதால், பக்கத்துப் பிரிவில் முறையாகப் பாடுபட்டவர் இரண்டு ஆட்ட வித்தியாசத்தில் வெளியேறுகிறார். அவர் யாரிடம் போய் முறையிடுவது? இன்னொரு கெடுதலும் உண்டு. நாலு பருவம் தோற்றுக் காத்திருக்கும் பொறுமை உண்மையில் பெரும்பாலோருக்கு இல்லை. இரண்டாவது பருவத்தில் சலிப்புத் தட்டி, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறார்கள். அநாதையாகக் கிடக்கும் அந்த அணிக்குக் கமிஷனர் ஆள் தேடி அலைய வேண்டும்.

அணியைப் புதுப்பிப்பதே குற்றம் என்று நான் சொல்வதாக யாரும் அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். முப்பத்துநாலு வயது மட்டையாளருக்கு இன்னும் மதிப்பு இருக்கும்போதே அவரைப் பட்டத்துக்குப் போட்டியிடும் அணிக்குக் கொடுத்துவிட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள் இருவரை வாங்கிக்கொள்வது உயர்ந்த நிர்வாகம். ஆனால் தயாராகிவிட்ட பையனைக் கீழ்நிலை லீக்கிலேயே புதைத்து வைப்பது, மட்டையாளருக்குப் பின்னே உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்சரைக் கொண்டுபோய், ஓடிப் பிடிக்க வேண்டிய ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நிறுத்துவது, நன்றாக அடிக்கிறவரைப் பெஞ்சில் உட்கார வைப்பது ஆகிய இவை நிர்வாகமல்ல, மோசடி. இரண்டுக்கும் வேற்றுமை காண்பது கடினம் என்று சிலர் வாதிப்பதுண்டு. மெய்யான லீக்கில் கடினமாக இருக்கலாம்; இங்கே ஒவ்வொரு ஆட்டக்காரரின் திறமைக் கணக்கும் ஒவ்வொரு மேனேஜரின் உத்தரவும் கமிஷனரின் ஃபைலில் எழுத்து எழுத்தாகப் பதிந்திருக்கின்றன. பார்க்க மனம் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

தண்டனை கொடுத்துச் சிநேகிதத்தைக் கெடுத்துக்கொள்வானேன் என்று தயங்குகிற கமிஷனர்களுக்கு வேறொரு மார்க்கம் இருக்கிறது. மேஜர் லீக் தன் 2022-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் டிராஃப்டின் முதல் ஆறு இடங்களைக் குலுக்கல் முறைக்கு மாற்றிற்று. அது நோயைக் குறைக்குமேயல்லாமல் போக்காது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 2024-இல் ஆரம்பமான பெண்களின் ஐஸ் ஹாக்கி லீக் கைக்கொண்ட முறையே எனக்கு உசிதமாகப் படுகிறது: ஓர் அணிக்குப் பட்டச் சுற்றில் நுழையும் வாய்ப்பு கணக்குப்படி அற்றுப்போன நாளிலிருந்து அது ஈட்டும் புள்ளிகளை மட்டும் தனியாக எண்ணி, அதிகம் ஈட்டியவருக்கு டிராஃப்டில் முதல் உரிமை தருவது. அப்படியானால் மெய்யாகவே பலவீனமான அணிக்கு உதவி இல்லாமல் போய்விடாதா என்று கேட்பார்கள். போகாது, பலவீனமான அணி ஆகஸ்டிலேயே வாய்ப்பிழந்து விடுவதால் வெற்றிகளைச் சேர்க்க அதற்கு நாற்பது ஆட்டங்கள் மிஞ்சும், செப்டம்பர் கடைசிவரை போட்டியில் இருந்தவருக்கு ஐந்தாறுதான் மிஞ்சும். இதற்காகக் கமிஷனர் தம் பட்டியலில் ஒரே ஒரு கட்டம் அதிகமாகப் போட வேண்டும். வாரத்துக்கு மூன்று இரவு முப்பது பேருடைய ஃபைல்களைக் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொண்டிருக்கிற மனிதருக்கு அது ஒரு பாரமாகத் தோன்றாது.