எது மலிவான பாட்டரி?

சிறு படகுகளில் மின்மோட்டார் பொருத்தும் மீனவர்கள், கடை விலையை மட்டும் பார்த்து பாட்டரி வாங்குவது சிக்கனமாகாது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பாட்டரி 30 கிலோ வரை எடையுள்ளது. பாதிக்கு மேல் மின்சாரத்தை அடிக்கடி இழுத்தால் அதன் ஆயுள் குறையும். அதே அளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரியின் எடை ஏறக்குறைய பாதிதான். பெரும்பகுதி மின்சாரத்தையும் பயன்படுத்தலாம். தரமானதானால் 2000 முறைக்கு மேல் மின்னேற்றலாம். எனவே இருமடங்கு விலை கொடுத்தாலும் நஷ்டமில்லை.

ஆனால் லித்தியத்திலும் மிக மலிவானதை நம்பிவிடக் கூடாது. மோட்டார் 50 ஆம்பியர் இழுக்குமானால், பாட்டரியினுள் உள்ள பாதுகாப்புச் சுற்று அதைவிடக் கூடுதலாகத் தாங்க வேண்டும். இல்லையேல் எதிர்க்காற்றில், நடு ஏரியில் மோட்டார் நின்றுவிடும். லித்தியத்துக்கேற்ற சார்ஜரும் பியூஸும் அவசியம். எழுத்தில் உத்தரவாதம் தராத பாட்டரியை ஒதுக்குவதே நல்லது. எந்த பாட்டரியானாலும் துடுப்பு படகிலேயே இருக்கட்டும்.