ஒரு நாள், இரண்டு பேர், ஒரு எக்ஸெல் ஷீட்

கல்யாணமாகி எட்டு மாதம் ஆன ஒரு ஜோடி. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஜப்பான் கிளம்புகிறார்கள். மொத்தம் ஆறு நாள். அதில் ஒரே ஒரு நாள் டோக்கியோ டிஸ்னிசீக்கு.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே கணவன் எக்ஸெல் ஷீட் போட்டுவிட்டான். 6.10-க்கு எழுவது. 7.05-க்கு மைஹாமா ஸ்டேஷன். 7.20-க்கு வாசலில் வரிசை. கதவு திறந்ததும் போனை எடுத்து பாஸ் வாங்குவது. 9.15 முதல் சவாரி, 10.05 அடுத்தது... மதியச் சாப்பாட்டுக்கு 20 நிமிடம். மொத்தம் 18 வரிகள். "மனைவியோடு உட்கார்ந்து பேசுவது" என்று ஒரு வரிகூட இல்லை. ஸ்லாட் கிடைக்கவில்லை போலிருக்கிறது :-)

இந்த ஜோடி கற்பனை. ஆனால் அந்த ஷீட் கற்பனை இல்லை. "ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிப்பது எப்படி" என்று அறிவுரை சொல்லாத பயணக் குறிப்பு அபூர்வம். "முடிப்பது"! இந்த வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள் மக்களே. ஆபீஸில் ஃபைலை முடிப்பார்கள், மாதக் கடைசியில் கணக்கை முடிப்பார்கள். சந்தோஷமாக இருக்கப் போகிற நாளை எதற்காக முடிக்க வேண்டும்? ஆபீஸில் பிடுங்குகிற ஆணி போதாதென்று, டிக்கெட் எடுத்துப் போய் அங்கேயும் ஆணி பிடுங்க வேண்டுமா?

சரி, மேட்டருக்கு வருவோம். முதலில் ஒரு சின்னக் கணக்கு.

பூங்கா காலை 9 மணியிலிருந்து இரவு 9 மணி வரை என்று வைத்துக்கொள்வோம். 12 மணி நேரம், அதாவது 720 நிமிடம். பெரும்பாலான சவாரிகள் மூன்று நிமிடம், நான்கு நிமிடம், மிஞ்சிப் போனால் ஐந்து நிமிடம். விழுந்தடித்து ஓடி பத்து சவாரி ஏறிவிட்டார்கள் என்றே இருக்கட்டும். பத்து நான்கு நாற்பது. 720-ல் 40 நிமிடம் என்றால் பதினெட்டில் ஒரு பங்கு! மிச்சம் 680 நிமிடம் எங்கே போனது? நிற்பது, நடப்பது, சாப்பிடுவது, கழிப்பறையைத் தேடுவது. அதாவது அந்த நாள் என்பதே இந்த 680 நிமிடம்தான். ஷீட் போடுகிறவர்கள் பதினெட்டில் ஒரு பங்குக்காக மண்டையை உடைத்துக்கொண்டு, மிச்சப் பதினேழு பங்கை "இடைவெளி" என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு, இவ்வளவு காசு கொடுத்தாச்சு, எல்லாத்தையும் பார்த்தாத்தானே கட்டுப்படியாகும்?" என்று உடனே ஒரு குரல் எழும். நியாயமான குரல் மாதிரித்தான் தெரியும். ஆனால் வணிகவியல் படிக்கிற யாரைக் கேட்டாலும் இதற்குப் பெயர் சொல்வார்கள். மூழ்கிய செலவு. கொடுத்த காசு போனது போனதுதான். எட்டாவது சவாரி ஏறினால் திரும்பி வரப் போவதில்லை, ஏறாமல் விட்டால் கூடுதலாகப் போகப் போவதும் இல்லை. மாலை 5 மணிக்கு அந்த இரண்டு பேரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அடுத்த ஒரு மணி நேரத்தை எப்படிக் கழித்தால் நன்றாக இருக்கும்? வாங்கிய டிக்கெட்டுக்கு இந்தக் கேள்வியில் இடமே இல்லை.

இன்னொன்றும் உண்டு. குறைந்துசெல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. கோசன் என்ற ஜெர்மானியர் 1854-லேயே எழுதி வைத்தது. முதல் ஆப்பிள் அமிர்தம், ஆறாவது ஆப்பிள் திகட்டும். பரீட்சையில் இதைப் பத்து மார்க்குக்கு எழுதிவிட்டு வந்தவர்கள்தான், கால் வீங்கிப் போன இரவு 8 மணிக்கு ஒன்பதாவது சவாரிக்கு வரிசையில் நிற்கிறார்கள். என்னத்தைப் படித்தோமோ!

இது வெறும் முட்டாள்தனமாக மட்டும் இருந்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் இந்த அவசரத்தில் ஒருவருக்கு லாபம் இருக்கிறது. அதைத்தான் பார்க்க வேண்டும்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1955-ல் கலிஃபோர்னியாவில் முதல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது நுழைவுக்குத் தனிக் காசு, ஒவ்வொரு சவாரிக்கும் தனிக் காசு. பிறகு கூப்பன் புத்தகம் வந்தது. சாதாரண சவாரிக்கு 'ஏ' கூப்பன், பிரமாதமான சவாரிக்கு 'இ' கூப்பன். 1982-ல் அங்கே கூப்பனைத் தூக்கிவிட்டு, ஒரே கட்டணம், உள்ளே போனால் எத்தனை சவாரி வேண்டுமானாலும் ஏறலாம் என்று ஆக்கினார்கள். 1999-ல் 'ஃபாஸ்ட்பாஸ்' வந்தது. இயந்திரத்தில் சீட்டு எடுத்துக்கொண்டு, வேறு எங்காவது சுற்றிவிட்டு, குறித்த நேரத்துக்கு வந்தால் போதும். அதுவும் இலவசம். டிக்கெட் எடுத்த எல்லோருக்கும் ஒரே விதி. டோக்கியோவிலும் 2000-லிருந்து இது இருந்தது.

2020-ல் கொரோனாவுக்காகப் பூங்காவை மூடினார்கள். திறந்தபோது ஃபாஸ்ட்பாஸ் திரும்பி வரவில்லை. 2022 மே மாதம் 'பிரீமியர் ஆக்சஸ்' வந்தது. அதே வேலைதான், ஆனால் இப்போது காசு. தொடக்கத்தில் ஒரு சவாரிக்கு, ஒருவருக்கு 2,000 யென். 1982-ல் முன்வாசல் வழியாக வெளியே போன 'இ' கூப்பன், போன் வழியாகப் பின்வாசலில் உள்ளே வந்துவிட்டது.

டோக்கியோ பூங்காக்களை நடத்துவது டிஸ்னி கூட இல்லை. ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம், டிஸ்னிக்கு உரிமத் தொகை கட்டி நடத்துகிறது. அவர்களுடைய கணக்கைப் பாருங்கள். 2018-19 நிதியாண்டில் டிஸ்னிலேண்ட், டிஸ்னிசீ இரண்டுக்கும் சேர்த்து வந்தவர்கள் ஏறத்தாழ 3 கோடியே 25 லட்சம் பேர். ஒருவர் செலவழித்தது சராசரியாக 11,800 யென். 2023-24-ல் வந்தவர்கள் ஏறத்தாழ 2 கோடியே 75 லட்சம் பேர்தான். ஆனால் தலைக்கு 16,600 யென்! ஆள் ஆறில் ஒரு பங்கு குறைந்தது, தலைக்கு வரும் காசு நாற்பது சதவீதம் கூடியது. டிக்கெட் விலையும் நாளைப் பொறுத்து மாறுகிறது. 2023 அக்டோபரில் அது 7,900 முதல் 10,900 யென் வரை என்று ஆனது. 1983-ல் டோக்கியோ டிஸ்னிலேண்ட் திறந்தபோது ஒரு நாள் பாஸ் 3,900 யென்.

கம்பெனி லாபம் பார்ப்பதில் தப்பில்லை. "விலை ஏறினால் கூட்டம் குறையும், கூட்டம் குறைந்தால் வந்தவர்களுக்கு நல்லது" என்று ஒரு வாதம் உண்டு. டிக்கெட் விலைக்கு அது பொருந்தும், ஒத்துக்கொள்ளலாம். ஆனால் வரிசையை விற்பதற்கு அது பொருந்தவே பொருந்தாது. ஒரு சவாரியில் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பேர்தான் ஏற முடியும் என்பது மாறாத எண். காசு கொடுத்தவர் முன்னால் போனால், கொடுக்காதவர் அந்த அளவுக்குப் பின்னால் போகிறார். புதிதாக ஒரு இருக்கைகூட உருவாகவில்லை. கூடவே இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. சும்மா நிற்கிற வரிசை பத்தே நிமிடம் என்றால் பாஸை எவன் வாங்குவான்? வரிசை நீளமாக இருந்தால்தான் பாஸுக்கு மவுசு. மழையையும் குடையையும் ஒரே கடைக்காரர் விற்கிற வியாபாரம் இது.

நம் எக்ஸெல் ஜோடி இங்கேதான் மாட்டுகிறது. "எல்லாம் ஒரே நாளில்" என்று முடிவெடுத்தவனுக்கு ஒவ்வொரு வரிசையும் எதிரி. மூன்று சவாரிக்குப் பாஸ், இரண்டு பேர், தலா 2,000 என்றால் 12,000 யென் போயிற்று. டிக்கெட் அதிகபட்ச விலையில் இருவருக்கும் 21,800. அதில் பாதிக்கும் மேலே இன்னொரு தடவை அழுதிருக்கிறார்கள். இந்தப் பாஸை உள்ளே நுழைந்த பிறகுதான் போனில் வாங்க முடியும். ஆகவே கைப்பிடித்து நடக்க வேண்டிய கையில் காலை முழுக்க போன். இதெல்லாம் போதாதென்று பல பூங்காக்களில் 'சிங்கிள் ரைடர்' என்று ஒரு வரிசை. காலியாக இருக்கும் ஒற்றை இருக்கைகளைத் தனி ஆட்களை வைத்து நிரப்புவது. சீக்கிரம் ஏறலாம், ஆனால் ஆளுக்கொரு பக்கம். அதையும் ஒரு "டிப்ஸ்" என்று ஜோடிகளுக்குச் சிபாரிசு செய்கிறார்கள். ஜோடியாகப் போய்த் தனித்தனியாக உட்கார்ந்துவிட்டு வருவதற்கு விமான டிக்கெட் எதற்கு?

"அப்படியென்றால் திட்டமே வேண்டாமா?" வேண்டும். திட்டமில்லாமல் போனாலும் திண்டாட்டம்தான். தேதி குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டும். டோக்கியோ ஸ்டேஷனிலிருந்து கெயோ லைனில் கால் மணி நேரப் பயணம், அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முடிந்தால் வார நாளாகப் பார்த்துப் போக வேண்டும். அதற்கு மேல் என்ன? ஆளுக்கு ஒரு சவாரி. அவளுக்கு மிகவும் பிடித்தது ஒன்று, அவனுக்கு மிகவும் பிடித்தது ஒன்று. உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம். இரவில் துறைமுகத்தில் நடக்கும் காட்சி ஒன்று. நாலே வரி, ஒரு துண்டுக் காகிதம் போதும். அந்த இரண்டில் ஒன்றுக்குக் காசு கொடுத்துப் பாஸ் வாங்கினால்கூடக் குடி முழுகிவிடாது. பத்துக்கும் வாங்குவதுதான் பைத்தியக்காரத்தனம்.

மிச்ச நேரத்தில் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: டிஸ்னிசீ 2001 செப்டம்பரில் திறந்தபோதே அதைத் துறைமுகங்களாகப் பிரித்துத்தான் கட்டினார்கள். 2024 ஜூனில் வந்த ஃபேண்டசி ஸ்பிரிங்ஸோடு சேர்த்து இப்போது எட்டு. நடுவில் தண்ணீர், அதற்குப் பின்னால் புரோமிதியஸ் என்ற செயற்கை எரிமலை. அவ்வப்போது நெருப்பைக் கக்கும், அதைப் பார்க்கப் பாஸ் வேண்டாம். ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு நீராவிக் கப்பல் மாதிரி செய்த படகு போகிறது, அதற்கும் தனிக் காசு கிடையாது. கொலம்பியா என்ற பெரிய கப்பலின் மேல்தளத்தில் ஏறி நிற்கலாம். இதையெல்லாம் கட்டியவர்கள் சுற்றிப் பார்க்கத்தான் கட்டியிருக்கிறார்கள். ஷீட்டோடு ஓடுகிறவர்களுக்கு இது அத்தனையும் வழியில் வரும் இடைஞ்சல்.

வரிசையும் அவ்வளவு மோசமில்லை. வீட்டில் ஆளுக்கொரு லேப்டாப்போடு இருக்கும் இரண்டு பேர், வேறு வேலையே இல்லாமல் ஒரு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது வருடத்தில் எத்தனை தடவை நடக்கும்? அந்த ஒரு மணி நேரத்தையும் "வீண்" என்று காசு கொடுத்து விரட்டுகிறவர்களுக்கு, கூட வந்திருப்பவரோடு பேச ஒன்றும் இல்லையோ என்று சந்தேகம் வருகிறது.

கடைசியாக அந்த ஜோடியிடமே போவோம். மதியம் 1 மணி. அவள் கரையோரத் திண்டைக் காட்டிக் கேட்கிறாள்: "ஏங்க, அஞ்சு நிமிஷம் உக்காரலாமா? கால் வலிக்குது."

அவன் போனைப் பார்த்துக்கொண்டே சொல்கிறான்: "1.10-க்கு ஸ்லாட் இருக்கும்மா. விட்டா 2,000 யென் போயிடும்."

அவன் கணக்கில் 2,000 யென் மிச்சம். அந்த ஐந்து நிமிடம் மட்டும் எந்த வரியிலும் ஏறவில்லை.