குமுளிக்குப் போகிறவர்கள்

தேனி ஜில்லாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்கவே இல்லை என்று நான் சத்தியம் செய்யத் தயார். அவர்கள் தேக்கடியைப் பார்த்திருக்கிறார்கள். தேக்கடிக்குப் போகிற வழியில் தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஐந்து பெயர்ப் பலகைகளைப் பார்த்திருக்கிறார்கள். ஊருக்கு ஊர் புறவழிச்சாலை வந்துவிட்டதால் இப்போது ஊர்களும் கண்ணில் படுவதில்லை. பலகைகள் மட்டுந்தான் மிச்சம். காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, உள்ளே ஏ.ஸி. ஓட, பின் ஸீட்டில் குழந்தைகள் செல்போனுக்குள் தலையைக் கவிழ்த்திருக்க, ஒரு மணி நேரத்தில் பள்ளத்தாக்கு முழுவதையும் தாண்டிக் குமுளி மலை ஏறியபிறகுதான், "அடாடா, எவ்வளவு பச்சை!" என்று வாயைத் திறக்கிறார்கள். கீழே ஐம்பது கிலோமீட்டருக்கு இரண்டு பக்கமும் இருந்ததெல்லாம் என்ன, கறுப்பா?

நான் சொல்ல வந்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கம்பம் பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்கு ஏற்ற வாகனம் சைக்கிள். அதிலும் அவசரமில்லாத சைக்கிள். நடந்தே போனால் இன்னும் விசேஷந்தான். கண்ணகி அப்படித்தான் போனாள். மதுரையை விட்டு வையைக் கரையோடு நடந்து பதினாலு நாளில் குன்றை அடைந்தாள் என்கிறது சிலப்பதிகாரம். அந்தக் குன்று கூடலூருக்கு மேலே இருக்கும் மங்கலதேவி மலைதான் என்று 1963-ல் பேராசிரியர் கோவிந்தராசனார் கண்டு சொன்னார். ஆனால் நமக்கெல்லாம் பதினாலு நாள் லீவு யார் தருவார்கள்? ஆகவே சைக்கிள்.

இதைச் சொன்னவுடனே என் நண்பர்கள் முகத்தில் ஒரு தினுசான கருணை படர்வதைக் கவனித்திருக்கிறேன். பாவம், மனிதருக்குப் புத்தகங்கள் சரியாக விற்கவில்லை போலிருக்கிறது என்கிற கருணை. சைக்கிள் என்றால் இல்லாதவன் வாகனம் என்று நம் மத்தியதரக் குடும்பங்கள் எப்போது தீர்மானித்தன? அம்பத்தூரில் 1949-ல் சைக்கிள் தொழிற்சாலை ஏற்பட்டபோது அதில் செய்த வண்டியை வாங்கினவர்கள் யார்? பள்ளிக்கூட வாத்தியார், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, தபால்காரர், வேட்டியைக் கிளிப் போட்டுக்கொண்டு கட்சிக்காரனைப் பார்க்கப் போன வக்கீல். இதைப் படிக்கிறவர்களில் பலருடைய தகப்பனாரோ பாட்டனாரோ ஆயுத பூஜையன்று தம் ராலேக்குச் சந்தனம் வைத்து, ஆரக்காலுக்கு ஆரக்கால் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தவர்தாம். மாப்பிள்ளைக்கு வாட்சும் சைக்கிளும் என்று சீர் பேசினதும் நம் வீடுகளில்தானே? அந்த வண்டியில் ஏறித்தான் நாம் மேலே வந்தோம். வந்தவுடன் எட்டி உதைத்துவிட்டோம்.

உதைத்ததன் அடையாளம் எங்கும் இருக்கிறது. பள்ளத்தாக்கில் ஒரு விடுதிக்குப் போனேன். எந்த ஊர், என்ன விடுதி என்பது வேண்டாம். வாசலில் நின்ற காவலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டெலிவரியா ஐயா? பின்பக்கமாப் போங்க" என்றார். அறை எடுக்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. மானேஜர் வந்து நம்பினார். ஆனால் சைக்கிளைக் கார்களுக்குப் பக்கத்தில் நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார். காவலாளிமேல் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. சாயங்காலம் பார்த்தேன், அவரும் சைக்கிளில்தான் வீட்டுக்குப் போனார்.

சைக்கிள் மறுபடியும் நாகரிகமாகிவிட்டதே, ஞாயிற்றுக்கிழமை காலையில் பாருங்கள் என்பார்கள். பார்த்தேன். லட்ச ரூபாய் வண்டி, உடம்போடு ஒட்டின உடுப்பு, மணிக்கட்டில் கணக்குப் போடும் கடிகாரம். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், இருதயம் எத்தனை தடவை அடித்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வழியில் என்ன இருந்தது என்று கேட்டுவிடாதீர்கள்! காரில் போகிறவரை நாம் திட்டுகிறோம். இவர் கார் இல்லாமலே காரில் போகிறவர்.

நான் சொல்கிற பிரயாணம் வேறு. தேனியை விட்டுக் காலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். வீரபாண்டியில் கௌமாரியம்மனைப் பார்த்துவிட்டு, பிறகு மெயின் ரோட்டை மறந்துவிட்டு, உப்புக்கோட்டை, குச்சனூர், மார்க்கையன்கோட்டை என்று ஊர் ஊராகச் சின்னமனூரை நோக்கிப் போக வேண்டும். இடத்துக்கு இடம் வாய்க்காலும் கூடவே வரும். நம் வேகமும் தண்ணீரின் வேகமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது மனசுக்கு ஏற்படுகிற நிம்மதியை எந்த மலை வாசஸ்தலமும் தராது. மேற்கே மலை, கிழக்கே மலை. நடுவில் உள்ளங்கை மாதிரி தரை. பெடலை மிதிக்கிறோம் என்ற பிரக்ஞையே அநேகமாக இராது. லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கர் இருபோக நெல் என்று சர்க்கார் கணக்குச் சொல்லும். அந்த எண்ணைக் காரில் போகிறவன் படிக்கலாம்; சைக்கிளில் போகிறவன் முகர்ந்து பார்க்கலாம். சேறு குழப்பின வயலின் வாசனை வேறு, கதிர் பழுத்த வயலின் வாசனை வேறு. சின்னமனூர் நெருங்கினால் வெற்றிலைக் கொடிக்காலின் குளிர்ச்சி திடீரென்று முகத்தில் வந்து மோதும். ஐம்பது அடி தாண்டினால் போய்விடும். காரில் அந்த ஐம்பது அடி ஒரு கண்சிமிட்டல்கூட இல்லை.

சின்னமனூர் என்றதும் ஒரு விஷயம். மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழில் பெயர்த்ததையும் பாண்டியர்கள் தங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் செப்பேடு அகப்பட்டது இந்த ஊரில்தான். தமிழ்ச் சங்கத்தைப் பற்றி மேடையில் முழங்குகிறவர்களில் எத்தனை பேர் சின்னமனூரில் இறங்கியிருக்கிறார்கள்? உத்தமபாளையத்தின் ஓரத்தில் கருப்பண்ணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேலாகிறது. கீழே வட்டெழுத்து. நான் போன சமயம் பாறை நிழலில் ஆட்டுக்காரர் ஒருவர் படுத்திருந்தார். "பஸ்ஸுல வந்தா யாரும் இங்கிட்டு வர்றதில்லைங்க அய்யா, சைக்கிளுன்னாத்தான் நின்டு போறாக" என்றார். என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

கம்பத்துக்குப் பிறகு சுருளிப்பட்டிப் பக்கம் திரும்பினால் திராட்சைப் பந்தல்கள். ஆள் உயரப் பந்தலுக்குக் கீழே தலைக்கு மேல் கொத்துக் கொத்தாகக் கறுப்பு. பன்னீர் திராட்சை என்று பெயர்; 2023-ல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது. மற்ற இடங்களில் வருஷத்தில் ஒரு பருவம் காய்க்கிற கொடி இங்கே வருஷம் முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் வெட்டுக்கு நிற்கிறது. காரில் போகிறவர் குமுளி ரோட்டுக் கடையில் பிளாஸ்டிக் பெட்டியில் வாங்கிக்கொண்டு போகிறார். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு நின்றவனுக்குத் தோட்டத்து அம்மா, "எடுத்துக்க தம்பி" என்று உதிர்ந்த பழத்தை இரண்டு கையிலும் அள்ளிக் கொடுக்கிறாள். தம்பிக்குத் தலை முழுவதும் நரை!

ஆட்சேபணைகளுக்கு வருவோம். வெயில் என்பார்கள். சித்திரை வைகாசியில் யார் போகச் சொன்னார்கள்? தை, மாசி இல்லையா? காற்று என்பார்கள், அது வாஸ்தவம். ஆனி ஆடியில் தென்மேற்குக் காற்று கூடலூர்ப் பக்கமிருந்து இறங்கி ஆளையும் வண்டியையும் பின்னுக்குத் தள்ளும். சுற்றுவட்டாரத்தில் காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? அந்த மாதங்களில் மேலிருந்து கீழே வாருங்கள். காற்றே மிதித்துக் கொடுக்கும். பெண்கள் எப்படி என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்: 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தில் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டு தெருவில் இறங்கினார்களே, அவர்களைக் கேளுங்கள்.

கடைசி ஆட்சேபணைதான் கனமானது. லாரி, பஸ், கார் இவற்றுக்கு நடுவில் உயிர் போய்விடாதா? போய்விடும். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர் சாலையைச் சரி செய்யச் சொல்லிக் கேட்கவில்லை. சைக்கிளை வீட்டில் வைக்கச் சொல்லிக் கேட்கிறார். ஹாலந்துக்காரன் சைக்கிளோடு பிறந்தவன், நமக்கு அது ஆகாது என்பார்கள். சுத்தப் பொய். அங்கேயும் யுத்தத்துக்குப் பிறகு காருக்காகவே சாலை போட்டார்கள். 1971-ல் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சாலையில் செத்தார்கள். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். குழந்தைகளைக் கொல்லாதே என்று தாய்மார்கள் தெருவுக்கு வந்து மறித்தார்கள். அதன்பிறகுதான் தனிப் பாதை வந்தது. பரந்த புல்வெளியிலும் சதுப்பு நிலத்திலும் நரைத்த தலைகள் பையைக் கட்டிக்கொண்டு பழைய பட்டணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வருகிற காட்சியும் வந்தது. பிரதம மந்திரியே சைக்கிளில் ஆபீஸ் போனார்.

நம் சர்க்கார் 2001 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுத்து வருகிறது. முதலில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பு மாணவிகளுக்கு, பிறகு மற்றவர்களுக்கும். நல்ல காரியம். அந்தப் பெண் பதினொன்றாம் வகுப்புக்கு அந்த வண்டியில்தான் போகிறாள். அவள் போகிற பழைய ரோட்டைப் புறவழிச்சாலை குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற இடத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். நான் நின்றேன். நான்கு பெண்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, இடமும் வலமும் பார்த்து, ஓர் அடி வைத்து, பின்வாங்கி, மறுபடி ஓர் அடி வைத்தார்கள். தேக்கடிக்குப் போகிற கார்கள் ஹாரன் அடித்தனவே ஒழிய, ஒன்றுகூட நிற்கவில்லை. ஏழெட்டு வண்டிகள் போனபிறகு ஒரு காய்கறி லாரிக்காரர் நிறுத்திக் கையைக் காட்டினார்.

வண்டியைக் கொடுத்தவர்கள் வழியைக் கொடுக்கவில்லை. கொடுக்கச் சொல்லிக் கேட்கவேண்டியவர்கள் கார்க் கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறார்கள். இதைப் படிக்கிறவர்களில் இஞ்சினீயர்கள் இருப்பீர்கள், அதிகாரிகள் இருப்பீர்கள், காண்ட்ராக்டர்களுக்குப் பெண் கொடுத்தவர்களும் இருப்பீர்கள். சாலையை அகலப்படுத்துகிறபோது புளியமரத்தை வெட்டுவதற்கு எஸ்டிமேட்டில் தொகை ஒதுக்க முடிகிறதல்லவா? அதே எஸ்டிமேட்டில் ஓரத்தில் ஆறடிக்கு ஒரு தனிப் பாதையும், குறுக்கே வெட்டுகிற ஒவ்வோர் இடத்திலும் சைக்கிள் நுழைகிற அளவுக்கு ஒரு சுரங்கவழியும் எழுதுங்கள். அடுத்த தை மாதம் நான் அந்தப் பக்கம் மறுபடி போகிறேன்; வந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.