வீட்டு ஒலிக்கூடமும் எமது கடமையும்

“கொம்பியூட்டரிலே பாட்டுக் கட்டுவதும் ஒரு கலையோ?” என்று பெற்றோர் எம்மை வினவுவதுண்டு. தமிழாசிரியராகிய யாமும் சில ஆண்டுகளுக்கு முன்வரை அவ்வாறே வினவியவர்தாம். செட்டிகுளத்து மாணவன் ஒருவனின் அறையில் ஒருநாள் அமர்ந்து கேட்டபின் எம் கருத்தை மாற்றிக்கொண்டோம். அதன் காரணத்தை இவ்விழா மலர்வழிப் பழைய மாணவ அன்பர்களுக்கு உரைக்க விழைகின்றோம்.

பொப்பிசை நமக்குப் புதிதன்று. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பாடல்களை 1970களில் முணுமுணுக்காத வாய் அரிது. வீட்டிலே இசை சமைப்பதும் புதிதன்று. ஏ. ஆர். ரஹ்மான் சென்னையில் தம் இல்லத்தோடு சேர்ந்த ஒலிக்கூடத்தை 1989இல் அமைத்தார். 1992இல் வெளிவந்த ‘ரோஜா’வின் பாடல்கள் அங்கே உருவாயின. கருவி வாங்கத் தம் தாயார் நகைகளை விற்று உதவினார் என்று அவரே கூறியுள்ளார்.

இன்று அத்துணைச் செலவு வேண்டா. கணினி, ஒலிவாங்கி, இவ்விரண்டையும் இணைக்கும் சிறு பெட்டி, நல்ல ஹெட்போன், சிறு கீபோர்ட் ஆகியன போதும். பதிவுசெய்யும் மென்பொருள்களுள் இலவசமானவையும் உள. கீபோர்டையும் கணினியையும் பிணைக்கும் ‘மிடி’ முறை 1983 தொட்டு வழங்குகின்றது. அரிதாயிருப்பது அமைதி ஒன்றே. தகரக் கூரையில் மழை பெய்தால் பாட்டு மூழ்கிவிடும், மின்விசிறியும் இரையும். முட்டை மட்டைகளைச் சுவரில் ஒட்டினால் வெளியோசை தடைப்படும் என்று பலர் நம்புவது பிழை. அறையின் எதிரொலியை அடக்கப் பஞ்சு மெத்தையும், தடித்த போர்வையும், நூல் நிறைந்த அலுமாரியுமே மிகுதியும் உதவும்.

நிற்க. எம் கவலை கருவி பற்றியதன்று. மென்பொருளோடு வரும் தாள ஓசைகள் உலகெங்கும் ஒன்றே. அவற்றை மட்டும் அடுக்கினால் செட்டிகுளத்துப் பாட்டுக்கும் இலண்டன் பாட்டுக்கும் வேற்றுமை இராது. அம்மாணவனோ மதகிலே நீர் பாயும் ஓசையையும், தலைமன்னார்ப் பாதையில் ஓடிய புகைவண்டியின் ஓசையையும் கைத்தொலைபேசியிற் பதிந்து தாளமாக்கியிருந்தான். அவன் பாட்டி பாடிய அருவிவெட்டுப் பாட்டின் மெட்டு இடையிடையே எழுந்தது. சொற்களிற் சில வழுக்கள் இருந்தன. லகர ளகர ழகரங்கள் மயங்கின. அவற்றைத் திருத்துவது எம் பணி. அவனைத் தடுப்பது எம் பணியன்று.

2009இல் இவ்வூர் மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்ததையும், 2012 செப்டெம்பரில் அவை மூடப்பட்டதையும் யாவரும் அறிவர். அங்கே மழலை பேசிய பிள்ளைகள் இன்று இளைஞர். அவர்தம் நெஞ்சில் உள்ளதை அவர்தம் குரலிலே கேளாது, பிறர் பாட்டை ஒப்பிக்கவே விட்டோமாயின், ஒரு தலைமுறை பேசாமலே முதிர்ந்துவிடும்.

ஆதலின் அன்பர்களே, விழா நினைவாக வளைவொன்று எழுப்புவதினும், ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓர் அமைதியான அறையும் நீங்கள் கழித்துவைத்த கணினியொன்றும் அளித்தல் மேலாம். பெற்றோர்க்கும் ஒரு சொல்: பரீட்சைக் காலத்தில் அவ்வறையைப் பூட்டுங்கள், ஏனை நாட்களில் திறந்து வையுங்கள். வாரம் ஒருமுறையேனும் உள்ளே சென்று, அமர்ந்து கேளுங்கள்.